சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியர். மத்திய அரசு நிதியில் 3 வருட புராஜெக்ட் கிடைத்துச் சில மாதங்கள் ஆகின்றன. அதில் சேர்ந்த ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாணவிக்கு உட்கார இடமில்லை, நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறார். சாம்பிள்களை உறைய வைக்க வாங்கிய மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வராந்தாவில் நிற்கிறது. அதே மாடியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் லேப் பூட்டிக் கிடக்கிறது. கேட்டால் "அவர் காலத்துக் கருவிகள் இருக்கு, தொடக் கூடாது" என்கிறார் துறைத்தலைவர். மொத்தப் பரப்பையும் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து ஆளுக்குச் சமமாகக் கொடுத்துவிட்டால் இந்தச் சண்டையே வராதே?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாச் சதுர அடியும் ஒன்றில்லை. கோட்பாட்டு இயற்பியல்காரருக்கு ஒரு மேஜையும் பலகையும் போதும். கரிம வேதியியல்காரருக்கு, நச்சுப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபியூம் ஹூட் வேண்டும். அதன் குழாய் மொட்டைமாடி வரை ஏற வேண்டும், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக அறைக்குள் காற்று வரவும் வழி வேண்டும். மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தால் ஆராயும் என்.எம்.ஆர். கருவியை லிஃப்ட் பக்கம் வைத்தால் ஏறி இறங்கும் இரும்பு அதன் காந்தப்புலத்தைக் குலைத்துவிடும். உங்கள் ஃப்ரீசரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய தரை கொஞ்சம்தான். ஜெனரேட்டர் லைன்தான் முக்கியம், அது கக்கும் சூடு போக வழியும் வேண்டும். உங்கள் பங்கு 200 சதுர அடி என்று அளந்து கொடுத்து, அதில் அந்த லைன் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?

அதைவிடப் பெரிய சிக்கல், இடத்தைக் கொடுப்பதில் இல்லை, திரும்ப வாங்குவதில் இருக்கிறது. புராஜெக்ட்டுக்கு முடியும் தேதி உண்டு. அதற்காகக் கொடுத்த அறைக்குக் கிடையாது. ஆள் பெயரில் எழுதிவிட்டால் அது பட்டா நிலம் மாதிரி ஆகிவிடுகிறது. நாளைக்கே சமமாகப் பிரித்தாலும், பத்து வருடம் கழித்து அந்தச் சமபங்குகளில் பாதி பூட்டித்தான் கிடக்கும். அன்று சேரும் இளைஞர் வராந்தாவில் நிற்பார்.

பூட்டிய அறைக்குள் என்ன இருக்கும் என்று பல்கலைக்கழகத்தில் காலம் தள்ளிய எவருக்கும் தெரியும். ஓடாத ஒரு சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றிக் கலவையைப் பிரிக்கும் கருவி). அதன் பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் திட்டத்தின் பெயர், வருடம், ஸ்டாக் ரெஜிஸ்டர் எண். தூசி படிந்த ஆய்வேடுகள், லேபிள் அழிந்த பாட்டில்கள். மானியத்தில் வாங்கிய கருவியை நிதி கொடுத்தவர் அனுமதி இல்லாமல் கழித்துக்கட்ட முடியாது. அதற்குக் கமிட்டி போட வேண்டும், யாராவது கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் ஆடிட்டில் கேள்வி வந்தால் பதில் சொல்வது யார்? உங்கள் துறைத்தலைவர் பயப்படுவது இதற்குத்தான். அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கழிப்பது வேறு, அறையை விட்டு ஸ்டோருக்கு நகர்த்துவது வேறு. இடம் மாறியதை ரெஜிஸ்டரில் குறித்துக்கொண்டு நகர்த்த எந்த விதியும் குறுக்கே நிற்பதாக எனக்குத் தெரியவில்லை.

நம்மிடம் அறை யாருக்கும் செலவில்லை, அதனால் விட்டுக்கொடுக்க யாருக்கும் அவசரமில்லை. அமெரிக்காவில் மத்திய அரசின் ஆய்வு நிதியோடு கட்டடம், மின்சாரம், நிர்வாகத்துக்கென்று மறைமுகச் செலவும் சேர்ந்து வருகிறது. அதில் நிர்வாகப் பங்குக்கு மட்டும் 1991 முதல் 26 சதவீதம் என்று உச்சவரம்பு. கட்டடப் பங்கைக் கணக்கிட, அறை அறையாகப் போய், இங்கே யார் வேலை செய்கிறார், எந்தக் கணக்கில் சம்பளம் என்று எழுதுகிறார்கள். அலுப்பான வேலை, பேராசிரியர்கள் முணுமுணுக்காமல் இருக்க மாட்டார்கள். ஆனால் எந்த அறை சும்மா கிடக்கிறது என்பது காகிதத்தில் வந்துவிடும்.

கேம்பிரிட்ஜில் 1962-ல் திறந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் அதன் தலைவர் மேக்ஸ் பெருட்ஸ் வேறு வழியில் போனார். கருவிகள் பொது. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் உயிரியலாளர் சிட்னி பிரென்னரும், பழைய கட்டடத்தில் இருந்த காலத்தையும் சேர்த்து, சுமார் 20 வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். நம் ஊரில் இரண்டு இணைப் பேராசிரியர்களை அப்படி உட்கார வைத்தால் துணைவேந்தர் வரை புகார் போகும்! சிதம்பரத்தில் பிறந்த, நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் 1999-ல் போய்ச் சேர்ந்ததும் இந்த ஆய்வகத்தில்தான். அங்கே இடம் தாராளமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் பொதுவாக்கவும் நான் சொல்ல மாட்டேன். ஸ்காலருக்கு என்று ஒரு மேஜையும் பூட்டுப் போட்ட ஒரு இழுப்பறையும் வேண்டும். தினமும் காலையில் காலி நாற்காலி தேடுகிறவர் ஆய்வேடு எழுத முடியாது. பெஞ்ச் (சோதனை செய்யும் மேடை) புராஜெக்ட் பெயரில், முடியும் தேதியோடு இருக்கட்டும், அதன்பின் சாம்பிள்களை ஒழுங்குபண்ண 6 மாதம் அவகாசம். பெரிய கருவிகள் பொது அறையில், முன்பதிவு நோட்டோடு. ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள மத்திய அரசு 2020-ல் தொடங்கிய ஐ-ஸ்டெம் இணையதளத்தில் வேறு ஊர்க் கருவிக்கு இங்கிருந்தே முன்பதிவு செய்யலாம். பக்கத்து அறைக் கருவியைத்தான் தொட முடியாது.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். திட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, அடிப்படை வசதிகளை நிறுவனம் செய்து தரும் என்று நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட சான்று ஒன்றை இணைத்திருப்பீர்கள். யாரும் படிக்காமல் கையெழுத்தாகும் காகிதம் அது. அதன் நகலை எடுங்கள். அறை முழுதும் கேட்காதீர்கள். ஒரு பெஞ்ச், ஜெனரேட்டர் லைன் உள்ள ஒரு பிளக், ஒரு மேஜை, திட்டம் முடியும் தேதி வரை என்று எழுதி, நகலை இணைத்து, துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.