தொழுநோய்ப் பாதப் புண்ணில் கிருமித்தொற்று இருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டுமா?

ஓரளவு காட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. இரத்தக் குறியீடுகள் என்பவை, உடலில் அழற்சி ஏற்படும்போது இரத்தத்தில் தென்படும் மாற்றங்கள். சிஆர்பி என்ற புரதம், ஈஎஸ்ஆர் எனப்படும் சிவப்பணுக்கள் படியும் வேகம், வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றையே பெரும்பாலும் பார்ப்பார்கள்.

தொழுநோய் கணுக்காலின் உட்புறம் செல்லும் நரம்பைத் தாக்கினால் உள்ளங்கால் மரத்துப்போகும். வலி இல்லாததால் நோயாளி புண்ணை ஊன்றியே நடப்பார். சீழ் எலும்புவரை இறங்கினாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். வலி தர வேண்டிய எச்சரிக்கையை இரத்தத்தில் தேடுவது இதனால்தான். தொற்று ஏற்பட்ட சில மணி நேரத்தில் கல்லீரல் சிஆர்பியை மிகுதியாகச் சுரக்கிறது. தொற்று அடங்கினால் அது விரைவில் இறங்கிவிடும். ஈஎஸ்ஆரோ மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அது மிகவும் கூடியிருந்தால் எலும்பிலும் தொற்று உண்டா என்று எக்ஸ்ரே முதலியவற்றால் ஆராய வேண்டும்.

தெருவில் எழும் புகையைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, எரிவது அடுப்பா கூரையா என்று தெரியாது. அதுபோலவே, தொழுநோய்க்கே உரிய எதிர்வினைக் காய்ச்சலும் (தொழுநோய்க் கிருமிக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றல் திடீரெனச் சீறுவதால் வருவது) சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரண்டையும் ஏற்றிவிடும். ஆகவே புண்ணைச் சுற்றிய வெப்பம், வீக்கம், சீழ், துர்நாற்றம், அரையில் கட்டும் நெறி, மழுங்கிய கம்பியை விட்டுப் பார்த்தால் எலும்பு தட்டுப்படுகிறதா என்பது ஆகியவற்றுக்கே முதலிடம் தர வேண்டும். ஒரு நாளின் எண்ணைவிட, அடுத்தடுத்த பரிசோதனைகளில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிஆர்பி கூடினால் தொழுநோய் திரும்பிவிட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். புண்ணில் சீழ் பிடிக்கக் காரணம் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பொதுவான பாக்டீரியாக்களே, தொழுநோய்க் கிருமி அல்ல.