சாஃப்ட் நேராக இருக்கிறதா? – கேள்வி பதில்

காரைக்குடியில் லேத் பட்டறை வைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஆறு வருடம் துபாயில் ஒரு படகுத்துறையில் ஸ்கீ படகுகளுக்கு (நீர்ச்சறுக்கு ஆட்களை இழுக்கிற வேகப் படகுகள்) வேலை பார்த்தேன். கடல் இல்லாத ஊரில் படகு வேலை ஏது என்று கேட்பவர்களுக்கு: கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் வண்டி ஏறினால் வந்துவிடும் தூரம்தான். அங்கே மணல் திட்டில் ஏறி வளைந்த சாஃப்டுகளில் (இன்ஜினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகிற தண்டு) சில என் பட்டறை வாசலில் கிடக்கும். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜொகூரிலிருந்து (சொந்த ஊர் பள்ளத்தூர்): அண்ணே, பழைய ஸ்கீ படகு ஒன்று வாங்கினேன். இன்ஜின் நடுவில், நேரடி சாஃப்ட். வேகம் எடுத்தால் தரை அதிர்கிறது. அலைன்மென்ட், அதாவது இன்ஜினும் சாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று, பார்ப்பது எப்படி?

முதலில் படகைத் தண்ணீரில் இறக்குங்கள் தம்பி. டிரெய்லரில் இருக்கும்போது கட்டைகள் அடிப்பாகத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். மிதக்கும்போது படகு வேறு மாதிரி உட்காரும். ஃபைபர் என்றால் ஒரு ராத்திரி, மரம் என்றால் சில நாள் மிதக்கட்டும். டேங்க்கில் எண்ணெயும் மற்ற சாமானும் வழக்கம்போல இருக்கட்டும்.

அப்புறம் கப்ளிங் (கியர்பாக்ஸையும் சாஃப்டையும் பிணைக்கிற இரண்டு வட்டத் தட்டுகள்) போல்ட்டுகளைக் கழற்றிச் சாஃப்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். பிடி விட்டதும் அது தன் எடையில் தொங்கும். தொங்குகிற நிலையில் அளந்தால் அளவு பொய். கையால் மேலே எவ்வளவு தூக்க வருகிறது, கீழே எவ்வளவு இறங்குகிறது, இரண்டு பக்கமும் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, நடுவில் ஆப்பு கொடுத்து நிறுத்துங்கள். இப்போது இரண்டு முகங்களையும் மெதுவாகச் சேர்த்தால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்துக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இடித்தால் இன்ஜின் உயரமோ பக்கவாட்டோ சரியில்லை. அதை முதலில் சரி செய்யுங்கள். போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்து உட்கார வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் புஷ் (சாஃப்ட் உள்ளே சுற்றுகிற தாங்கி) ஒரு பக்கமாகத் தேய்ந்து, கியர்பாக்ஸ் சீலும் ஒழுகும்.

முகங்கள் சேர்ந்தபின் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு இடத்தில் விட்டுப் பாருங்கள். அதிகமான இடைவெளிக்கும் குறைவானதற்கும் வித்தியாசம் 3 தவுக்குள் இருக்க வேண்டும். தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. 3 தவு கிட்டத்தட்ட 0.08 மில்லிமீட்டர். கப்ளிங் விட்டத்தில் அங்குலத்துக்கு 1 தவு என்பது பெரிய படகுகளின் கணக்கு. ஸ்கீ படகுக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

வித்தியாசம் கூடுதலாக வந்தால் உடனே மவுன்ட்டில் (இன்ஜின் உட்காருகிற கால்கள்) ஸ்பேனரைப் போடாதீர்கள். இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கியர்பாக்ஸ் முகத்தை அசைக்காமல், சாஃப்டை மட்டும் அரைச்சுற்று திருப்பி மறுபடி அளங்கள். அகலமான இடைவெளி சாஃப்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் குற்றம் சாஃப்டிலோ அதன் கப்ளிங்கிலோ இருக்கிறது. இன்ஜினை ஒரு வாரம் நகர்த்தினாலும் தீராது. இரண்டையும் சேர்த்து லேத்துக்குக் கொண்டு போங்கள். இடைவெளி நின்ற இடத்திலேயே நின்றால்தான் இன்ஜினைத் தொட வேண்டும். அதற்கு என் கணக்கு: அகலம் எந்தப் பக்கமோ, கப்ளிங்குக்கு எதிர்முனையை அந்தப் பக்கம் நகர்த்து. மேலே அகலமா, எதிர்முனையைத் தூக்கு. வலப்பக்கமா, வலப்பக்கம் தள்ளு. மவுன்ட் நட்டை இறுக்கியபின் இன்னொரு தரம் அளங்கள். இறுக்குகிற இறுக்கிலேயே ஓரிரு தவு ஓடிவிடும்.

தொண்டி: கிளாண்டில் தண்ணீர் சொட்டுகிறது. இறுக்கிவிடவா?

கிளாண்ட் என்பது சாஃப்ட் படகை விட்டு வெளியேறுகிற இடத்தில் தண்ணீரைத் தடுக்கிற அடைப்பு. உங்களுடையது கயிறு பேக்கிங்கா? ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. கை வைத்தால் சுடும்படி இறுக்கினால் சாஃப்டில் கோடு விழும். புதுப் பேக்கிங் போட்டும் மாதாமாதம் ஒழுகினால் மேலே சொன்ன அளவை எடுங்கள்.

அறந்தாங்கி: என்னுடையது அவுட்போர்டு. இதை எப்படிப் பார்ப்பது?

அவுட்போர்டு என்றால் இன்ஜின் படகின் பின்னால் வெளியே தொங்கும், உங்களுக்கு இந்த வேலையே கிடையாது. நிம்மதியாக இருங்கள்.

மணமேல்குடி: கரையில் ஏற்றியிருக்கும்போதே பார்த்துவிட்டால் ஒரு வேலை மிச்சமாகுமே?

உத்தேசமாக வைக்கலாம். கடைசி அளவு மிதக்கும்போதுதான். கரையில் வைத்துச் சாஃப்டை ஓட்டியும் பார்க்காதீர்கள். ரப்பர் புஷ்ஷுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். காய்ந்து ஓடினால் கருகும்.

தேவகோட்டை: எங்கள் வீட்டில் பிரித்த பர்மாத் தேக்கு உத்திரம் கிடக்கிறது. அதில் புஷ் கடைந்து போடலாமா? தேக்கிலும் எண்ணெய் உண்டே.

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து மற்ற கேள்விகள் எல்லாம் பின்னால் போய்விட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்கிற ஒருவர், நூறு வருடத் தூண் உளுக்கவில்லை, புஷ் மட்டும் தேயுமா என்கிறார். கானாடுகாத்தானிலிருந்து இன்னொருவர், கப்பலிலேயே மரப் புஷ் போட்டிருக்கிறார்கள், அண்ணனுக்குத் தெரியாது என்கிறார்.

தெரியும். 1850களில் புரொப்பல்லர் கப்பல்களில் பித்தளைப் புஷ் சீக்கிரம் தேய்கிறது என்று மரத்துக்குப் போனார்கள். ஆனால் அந்த மரம் லிக்னம் வைட்டே. அமெரிக்கக் கண்டத்து மரம், தண்ணீரில் போட்டால் முங்கும், அதன் பிசினே மசகாக வேலை செய்யும். தேக்கு அதன் எடையில் ஏறக்குறைய பாதிதான். தூண் நூறு வருடம் நின்றது, சரி. நின்றது ஐயா, சுற்றவில்லை! கரையானைத் தாங்குவது வேறு, மணல் கலந்த தண்ணீரில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற இரும்பைத் தாங்குவது வேறு.

கானாடுகாத்தான்காரர் விடவில்லை. அப்படியானால் தேக்குச் செக்கு உலக்கை எப்படி உழைக்கிறது என்றார். செக்கு ஒரு சுற்று வருவதற்குள் மாடு ஒரு வாய் அசை போட்டுவிடும். இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

காரைக்குடி: கப்ளிங் வரவில்லை, சுத்தியலால் தட்டினேன்.

அடடா. அந்த அடி கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழுந்திருக்கும். சாஃப்டின் நுனி நட்டையோ பூட்டுத் திருகையோ முதலில் எடுங்கள். இரண்டு கப்ளிங்குக்கும் நடுவில், சாஃப்ட் முனைக்கு நேராக ஒரு பாக்ஸ் ஸ்பேனர் துண்டை வைத்து, நீளமான போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தானாகக் கழன்று வரும்.

புதுவயல்: ரைஸ் மில் மோட்டாருக்கும் இதே முறைதானா?

கேஜும் நாலு இடமும் அதேதான். தண்ணீர் மட்டும் வேண்டாம்.

பெயர் போடாத ஒருவர்: டிரெய்லரில் வைத்தே பார்த்தால் என்ன?

இது மூன்றாவது தடவை. ஜொகூர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மீண்டும் தேவகோட்டை: அண்ணே, உத்திரத்தில் ஒரு துண்டு அறுத்து வாளியில் போட்டுப் பார்த்தேன். மிதக்கிறது.

அறுத்தே விட்டீர்களா? மிச்சத்தையாவது அந்தத் தெருக்காரரிடம் கொடுத்துக் காசாக்குங்கள். ரப்பர் புஷ்ஷுக்குச் சாஃப்ட் விட்டமும், அது உட்காருகிற குழாயின் உள்விட்டமும் அளந்து அனுப்புங்கள். இரண்டு அளவும் வேண்டும்.