யார் பக்கம் சேர்வது என்று நாமே முடிவு செய்யும் சாமுராய் கேம் ஏதாவது இருக்கிறதா?

கேட்டவர் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்ற சாமுராய் கேமை முடித்துவிட்டாராம். வாள்சண்டை ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் கதை ஒரே தடத்தில் போகிறது என்கிறார். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு மூன்று கோஷ்டிகள் இருந்து, யாரோடு சேர்வது, யாரை எதிர்ப்பது என்பதை ஆடுகிறவர் கையில் விடும் கேம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. 'வே ஆஃப் த சாமுராய்'. 2002ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. செய்தவர்கள் அக்வயர் என்ற ஜப்பானிய நிறுவனம். 1998ல் 'டென்சு' என்ற நிஞ்ஜா கேமைக் கொடுத்த அதே ஆட்கள். இன்று பார்த்தால் படம் பழசாகத் தெரியும், ஊரும் சின்னது, ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போதெல்லாம் லோடிங். ஆனால் நீங்கள் கேட்ட அந்த ஒரு விஷயத்தில் இதை மிஞ்சிய கேமை நான் இதுவரை ஆடவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்குவது ஒரு பாலத்தில். வருடம் 1878. ரொக்கோட்சு கணவாய் என்ற கற்பனை ஊருக்குள், எங்கிருந்து வருகிறான் என்றே தெரியாத ஒரு நாடோடி சாமுராயாக நாம் நடந்து வருகிறோம். எதிரே ஒரு கூட்டம் சுஸு என்ற பெண்ணைக் கடத்திக்கொண்டு வருகிறது. அவளைக் காப்பாற்ற வாளை உருவலாம். நமக்கெதற்கு வம்பு என்று வழிவிட்டு ஒதுங்கலாம். அந்தக் கூட்டத்துக்கே கைகொடுக்கலாம். இது நல்ல பதில், இது கெட்ட பதில் என்று திரையில் எந்த அடையாளமும் கிடையாது. ஊரில் யார் யார், எதற்காகச் சண்டை என்று ஒரு வரிகூடத் தெரியாத நேரத்தில் முடிவெடுக்கச் சொல்கிறார்கள். அந்த முடிவை வைத்துத்தான் ஊர் நம்மை எப்படிப் பார்க்கும், எந்த வீட்டுக் கதவு திறக்கும், எது மூடும் என்பதெல்லாம்.

கடத்திக்கொண்டு வந்தவர்கள் அகடாமா கோஷ்டி. புது அரசாங்கத்தைக் கவிழ்க்க வேண்டும் என்று இருக்கும் பழைய சாமுராய்கள். இன்னொரு பக்கம் குரோ குடும்பம். அந்தக் கணவாயையே கட்டி ஆண்டவர்கள், இப்போது நொடித்துப்போய், கையில் மிச்சமிருக்கும் இரும்பாலையை அரசாங்கத்துக்கு விற்றாவது தலைதூக்கப் பார்க்கிறார்கள். ஆலை கைமாறக் கூடாது என்று அகடாமா நிற்கிறது. மூன்றாவதாக அந்தப் புது அரசாங்கம், அதாவது மெய்ஜி அரசாங்கம். நடுவில் மாட்டிக்கொண்டது ஊர்ச்சனம்.

இந்த 1878 என்ற வருடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் கேமின் உயிர் என்று நினைக்கிறேன். 1868ல் ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி போய், பேரரசர் மெய்ஜியின் ஆட்சி வருகிறது. 1873ல் கட்டாய ராணுவச் சேவை. விவசாயி மகனும் துப்பாக்கி பிடிக்கலாம் என்றானபோது, போர் என்பது சாமுராய் என்ற ஒரு சாதியின் தொழிலாக இருந்த காலம் முடிந்தது. 1876 மார்ச்சில் பொது இடத்தில் வாள் ஏந்தத் தடை. சீருடையில் இருக்கும் ராணுவத்தினர், போலீஸ், அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. அதே வருடம் சாமுராய்களுக்குப் பரம்பரையாக வந்துகொண்டிருந்த மானியத்தையும் நிறுத்தி, பதிலுக்குக் கடன்பத்திரங்களைக் கொடுத்தார்கள். வயிற்றிலும் அடி, மானத்திலும் அடி. 1877ல் சைகோ தகமோரி தலைமையில் சத்சுமா சாமுராய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். செப்டம்பர் 24ஆம் தேதி ககோஷிமாவின் ஷிரோயாமா குன்றில் அது முடிந்தது. அடுத்த வருடம் மே 14ஆம் தேதி, அரசின் மிகப் பெரிய தலைவர்களில் ஒருவரான ஒகுபோ தொஷிமிச்சியை அதிருப்தி சாமுராய்கள் டோக்கியோவில் வெட்டிக் கொன்றார்கள். கேம் நடப்பது அதே 1878ல்.

இதைத் தெரிந்துகொண்டு ஆடினால் எல்லாமே வேறு மாதிரி தெரியும். இடுப்பில் வாளோடு நடந்து வரும் நம் ஆளே சட்டப்படி குற்றவாளி. அகடாமா செய்ய நினைப்பதை அதைவிடப் பெரிய படையோடு சைகோ போன வருடம்தான் செய்து பார்த்துத் தோற்றார். குரோ குடும்பமோ, தங்கள் சாதியையே இல்லாமல் ஆக்கியவர்களிடம் ஆலையை விற்று உயிர்பிழைக்கப் பார்க்கிறது. இருவரில் யார் சரி? கேம் பதில் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் நேர்மை. கோஷ்டிகள் இருக்கும் எத்தனையோ கேம்களில், ஒரு பக்கம் கொடூரர்கள், இன்னொரு பக்கம் கொஞ்சம் குறும்புக்காரர்கள் என்று வைத்துவிட்டு "தேர்ந்தெடு" என்பார்கள். அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? இங்கே எந்தப் பக்கம் போனாலும் இழப்பு உண்டு, எந்தப் பக்கத்திலும் மதிக்கத் தகுந்த ஒரு மனிதராவது உண்டு.

அடுத்தது நேரம். மொத்தக் கதையும் இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. சம்பவங்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம் கொல்லன் டோஜிமாவின் பட்டறையில் நின்று வாளைச் சீர்செய்துகொண்டிருக்கும்போது ஊரின் இன்னொரு மூலையில் ஏதோ பேரம் நடந்து முடிந்திருக்கும். அதன் விளைவு மட்டும் சாயங்காலம் நம் முன்னால் வந்து நிற்கும். ஒரே ஆட்டத்தில் எல்லாவற்றையும் பார்க்கவே முடியாது. ஒரு முறை ஆடி முடிக்கச் சில மணி நேரம்தான். அப்புறம் மறுபடி அதே பாலம், அதே கூட்டம், அதே சுஸு. இந்தத் தடவை வேறு பக்கம் சேர்ந்து பார்க்கலாம். போன தடவை வாசலில் என்னை மறித்து வாளை நீட்டியவன் இந்தத் தடவை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், அவன் பேச்சைக் கேட்டால் அவன் பக்க நியாயம் புரிகிறது. அறுபது மணி நேரக் கேமில் ஒரு முறை எடுக்கும் முடிவைவிட, இப்படித் திரும்பத் திரும்பச் சில மணி நேரம் வாழ்ந்து பார்க்கும்போது அந்த ஊர் முழுசாகக் கைக்குள் வருகிறது. முடிவுகள் மொத்தம் ஆறு. அதில் ஒன்று, யாரோடும் சேராமல் வந்த வழியே கணவாயை விட்டுப் போய்விடுவது. அதையும் ஒரு முடிவாக மதித்து வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் இவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

சரி, வாள்சண்டைக்கு வருகிறேன். 'சுஷிமா'வில் கல், நீர், காற்று, நிலா என்று வாள் பிடிக்கும் நான்கு நிலைகளை மாற்றி மாற்றி ஆடியிருப்பீர்கள். இதில் நிலை என்பது வாளோடு சேர்ந்து வருகிறது. ஒரு வாளை நம் ஆள் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பான், இன்னொன்றை நடுமார்புக்கு நேரே, மற்றொன்றை ஒற்றைக் கையில். ஒவ்வொரு வாளுக்கும் தனித்தனி வெட்டுகள். அதைக் கையில் வைத்துச் சண்டை போடப் போடத்தான் அவை கைவரும்.

ஆனால் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியது 'அவாசே' என்ற வித்தையை. எதிராளியின் வெட்டு வரும் கணத்தில், தடுத்தபடியே அவனை முன்னால் தள்ள வேண்டும் அல்லது நம் பக்கம் இழுக்க வேண்டும். எந்த வெட்டுக்குத் தள்ளுவது, எதற்கு இழுப்பது என்பது வெட்டுக்கு வெட்டு மாறும். சரியாகச் செய்தால் அவன் நிலைதடுமாறி விலாவைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஒரே வெட்டு போதும். தப்பாகச் செய்தால் நம் விலா. அதனால் பொத்தானை வெறியோடு அமுக்கி ஜெயிக்கிற வேலை இங்கே நடக்காது. எதிரே நிற்கிறவனின் தோளையும் கையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேரும் வாளை நீட்டியபடி அசையாமல் நிற்கும் நேரம் சண்டையில் பாதி. அந்த நிற்றலில் இருக்கும் பதற்றம், மற்ற கேம்களில் பெரிய வில்லன்களோடு நடக்கும் பாஸ் சண்டைகளில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

அதோடு, வாள் தேயும். வெட்டி வெட்டி, தடுத்துத் தடுத்து அது தாங்கும் அளவு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். டோஜிமாவிடம் காசு கொடுத்துப் பலப்படுத்தலாம். ஆனால் செத்துப்போனால் கதையும் அங்கேயே முடிந்தது, கூடவே கொண்டுபோன வாளும் போனது. பின்னால் போய்த் திருத்த வழியே இல்லை. ஆசை ஆசையாகத் தேற்றிய ஒரு வாளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கும்பல் எதிரே நிற்கும்போது, "உருவலாமா, பேசிப் பார்க்கலாமா" என்ற யோசனை தானாக வருகிறது. பக்கம் சேர்வது பற்றிய கதையும் வாள்சண்டையும் இந்த இடத்தில்தான் ஒன்றாகின்றன. ஒருவனை எதிர்க்கிறேன் என்று முடிவெடுத்தால் அதற்கு நாம் உண்மையிலேயே எதையோ பணயம் வைக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் 'ரைஸ் ஆஃப் த ரோனின்' பற்றியும் யோசித்திருப்பீர்கள், 2024ல் வந்தது, இப்போது பிசியிலும் இருக்கிறது. ஷோகன் ஆதரவாளர்கள் ஒரு பக்கம், எதிர்ப்பாளர்கள் ஒரு பக்கம். அமெரிக்கக் கறுப்புக் கப்பல்கள் வந்த 1853க்குப் பிந்தைய ஜப்பான். யோகோஹாமா, எடோ, கியோட்டோ மூன்று ஊர்களும் உண்டு. சகாமோட்டோ ரியோமா போன்ற நிஜ மனிதர்கள் வருகிறார்கள். வாள்சண்டை அருமை, அதில் சந்தேகமே இல்லை. சண்டைக்காக மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஒரு மிஷனில் ஒரு பக்கம் நின்றுவிட்டு அடுத்ததில் மறுபக்கம் போக முடியும். பழைய மிஷனுக்குத் திரும்பிப் போய் எடுத்த முடிவை மாற்றி ஆடவும் வசதி கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது நல்லதுதான். எனக்கு, எடுத்த முடிவின் கனம் அந்த இடத்தில் குறைந்துவிடுகிறது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். முதல் பாகத்துக்குப் பிளேஸ்டேஷன் 2-ஐத் தேட வேண்டும், பிசியில் வரவில்லை. அதனால் நீங்கள் தொடங்க வேண்டியது மூன்றாம் பாகத்தில். 2008ல் ஜப்பானில் வந்தது, 2016ல் பிசி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீமுக்கும் வந்துவிட்டது. காலம் பின்னால் போய், ஜப்பான் முழுக்கச் சண்டை நடந்த செங்கோகு யுகம். அமானா என்ற கற்பனைப் பகுதி. தன் எஜமானக் குடும்பமான சகுராய்களைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்த ஃபுஜிமோரி ஷூசென் கோட்டையில் இருக்கிறார். சகுராய்களின் மிச்ச ஆட்கள் ஓகா என்ற பெயரில் கொள்ளைக்கூட்டமாகத் திரிகிறார்கள். தகதானே கிராமத்து விவசாயிகள் இருவரிடமும் உதை வாங்குகிறார்கள்.

மூன்றாம் பாகம் முதலாவதைவிட ஒரு படி மேலே போன இடம் ஒன்று உண்டு. வாளின் கூர்ப்பக்கத்துக்குப் பதில் முதுகுப்பக்கத்தைத் திருப்பிப் பிடித்துச் சண்டை போடலாம்; எதிராளி விழுவான், சாகமாட்டான். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே வாளை உருவலாம், அல்லது தரையில் நெற்றி பட விழுந்து மன்னிப்புக் கேட்கலாம். ஒரு தளபதி மிரட்டிக்கொண்டிருக்கும் நடுவில் சட்டென்று காலில் விழுந்து பாருங்கள், பேச்சே வேறு பக்கம் திரும்பும். கடைக்காரர் உட்பட யாரை வேண்டுமானாலும் வெட்டலாம் என்றும் விட்டிருக்கிறார்கள். அப்படி விட்டதால்தான் வெட்டாமல் இருப்பதற்கு ஒரு பொருள் வருகிறது.

நான்காம் பாகமும் ஸ்டீமில் உண்டு. துறைமுக ஊர், ஆங்கிலேயர்கள், அவர்களை விரட்டத் துடிக்கும் கிளர்ச்சிக்காரர்கள், ஷோகன் அதிகாரிகள் என்று நல்ல களம். ஆனால் வேடிக்கைக் காட்சிகளைக் கொஞ்சம் அதிகமாகவே தூவிவிட்டார்கள். அதைக் கடைசியில் ஆடுங்கள். இரண்டாம் பாகம் கிடைத்தால் ஆடலாம், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மூன்றாம் பாகத்தை ஆடும்போது முதல் தடவை எந்த வழிகாட்டியையும் படிக்காதீர்கள். தகதானே விவசாயிகளோடு தொடங்குங்கள், அடுத்து ஓகா, ஃபுஜிமோரி கோட்டையை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு கன்ட்ரோலர் இருந்தால்தான் வாள் நீங்கள் சொன்னபடி கேட்கும்.