கோடு பாதியில் நின்றால்

கேள்வி: மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். பத்துப் பதினைந்து சொல்தான் பேசுவான். ஆனால் யாழ்தேவி ரயிலை ஒரு சில்லுகூட விடாமல் கீறுவான். கீறும்போதே சில நேரம் கை நின்றுவிடும், எங்கோ பார்ப்பான், பிறகு தானாகத் தொடருவான். கற்பனையில் இருக்கிறான் என்று நான் குழப்புவதில்லை. ரீச்சர் வேலையை விட்டு, என்னை மறந்து அவனோடேயே இருக்கிறேன். தடுப்பூசியாலா, பால்மாவாலா, ரி.வி.யாலா, சொந்தத்தில் கட்டியதாலா? கனடா மச்சாள் உடம்பிலுள்ள ஈயத்தை எடுக்கும் சொட்டு மருந்து அனுப்பியிருக்கிறா. பேச்சு வந்தால், மருந்து தொடங்கினால், கீறும் திறமை போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். என் அன்பில் எங்கே குறை, டொக்டர்? அவன் கீறிய படங்களையும் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: பேச்சாலோ மருந்தாலோ மகனின் கீறும் திறமை போய்விடும் என்று பயப்பட வேண்டாம், தங்கச்சி. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன முக்கியமான விஷயத்தை உங்களைப் பார்க்கவிடாமல் வைத்திருப்பது அந்தப் பயம்தான்.

வீடியோவில் வந்தது யாருடைய கதை என்று ஊகிக்க முடிகிறது. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் நாடியா என்ற, ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமி இருந்தாள். மூன்று வயதிலேயே குதிரைகளைத் தேர்ந்த ஓவியர் கீறியதுபோல் கீறினாள். லோர்னா செல்ஃப் என்ற உளவியலாளர் 1977 இல் அவளைப் பற்றி விரிவாக எழுதினார். கொஞ்சம் பேச்சு வந்த காலத்தில் அவள் கீறுவது குறைந்துபோனது உண்மைதான். ஆனால் அதே காலத்தையொட்டி அவளுடைய தாயும் இறந்துபோனார். எது எதனால் வந்தது என்று யார் சொல்வது? அந்த ஒரு பிள்ளையை எல்லாப் பிள்ளைகளுக்கும் விதியாக்கித் தாய்மாரை வெருட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

1974 இல் லண்டனில் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷயரையும் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கும் மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள், பேச்சு இல்லை. ரீச்சர்மார் கீறும் சாமான்களை எடுத்து வைத்துவிட்டு, வாய் திறந்து கேட்கப் பழக்கினார்கள். கடதாசி என்பதுதான் அவர் முதலில் சொன்ன சொல். ஒன்பது வயதளவில் நன்றாகப் பேசத் தொடங்கினார். 2005 இல் ஹெலிகொப்டரில் டோக்கியோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த நகரத்தைப் பத்து மீற்றர் நீளத்தில் நினைவிலிருந்து கீறினார். உங்கள் பேச்சுச் சிகிச்சையாளரிடம் இதைச் சொல்லுங்கள். பென்சிலைக் கேட்டு வாங்குவதில் இருந்தே உங்கள் மகனுக்கும் தொடங்கலாம்.

இனி அந்த ஒரு வரி. கை நின்றுவிடும், எங்கோ பார்ப்பான், பிறகு தானாகத் தொடருவான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களை மேசையில் விரித்துப் பார்த்தேன். இரண்டு படங்களில் தண்டவாளக் கோடு நேராக வந்து, ஓரிடத்தில் வழுக்கிக் கீழே இறங்குகிறது. பிறகு பழைய உயரத்திலேயே, ஒன்றும் நடக்காததுபோல் தொடருகிறது. ஒரு சில்லையும் விடாத பிள்ளை ஏன் கோட்டை அப்படி விடுகிறான்? யோசனையில் இருப்பவனின் கை மெல்ல மெல்லத்தான் ஓயும். நடுக்கோட்டில் சட்டென்று நின்று, சட்டென்று தொடங்கினால் நான் முதலில் வலிப்பைத்தான் யோசிப்பேன்.

வலிப்பு என்றதும் விழுந்து, நுரை தள்ளி, கை கால் உதறுவதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். இது வேறு வகை. கறண்ட் போய் உடனே வருவதுபோல் ஐந்து, பத்து, பதினைந்து விநாடி நினைவு போய் வரும். பார்வை நிலைத்திருக்கும். இமை துடிக்கலாம், வாய் மெல்லுவதுபோல் அசையலாம். பிள்ளை விழமாட்டான், அழமாட்டான்; முடிந்ததும் விட்ட இடத்தில் தொடருவான். ஒரு நாளில் பல தடவை வரும். இன்னொரு வகை அரை நிமிடம், இரண்டு நிமிடம் நீளும். அதற்குப் பிறகு களைப்பும் நித்திரையும் வரும். மற்றப் பிள்ளைகளைவிட ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு பல மடங்கு கூடுதலாக வருகிறது. சிறு வயதிலும் வரும், பருவ வயதிலும் வரும். அவர்களிடம்தான் அதைத் தவறவிடுவதும் கூடுதல். 'ஆட்டிசப் பிள்ளை அப்படித்தான் பார்த்துக்கொண்டு இருப்பான்' என்று வீட்டிலும் சொல்வார்கள், பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள்.

கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இப்படி வெறித்துப் பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு வலிப்பே இருப்பதில்லை. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் பயனில்லை, மற்ற நேரத்திலேயே அவன் திரும்பமாட்டான். விலாவில் மெல்லக் கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். அல்லது அவனுக்கு உயிரான பொருள் ஒன்றைக் கண்ணுக்கு நேரே ஆட்டுங்கள். யோசனை என்றால் கலைந்துவிடும். வலிப்பு என்றால் அது முடியும்வரை எதற்கும் அசையமாட்டான். முகமும் கையும் தெரியப் போனில் வீடியோ எடுங்கள். ஒரு நல்ல வீடியோ எங்களுக்கு நீண்ட விவரத்தைவிட உதவும்.

அந்த வீடியோவையும் படங்களையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே சிறுவர் வைத்திய நிபுணரிடம் போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி இருந்தால் அடுத்த திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவர்கள் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொல்வார்கள். தலையில் பசை வைத்துச் சின்னச் சின்ன வயர்களை ஒட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவார்கள். நோகாது, கறண்ட் எதுவும் உள்ளே போகாது. தொட்டாலே கத்தும் பிள்ளைக்கு அந்தப் பசைதான் பெரிய சிக்கல். ஆகவே முன்கூட்டியே பழக்குங்கள். படத்தில் காட்டினால் இவனுக்கு விளங்கும். ஒரு கொப்பியில் நீங்களே வரிசையாகக் கீறுங்கள்: ஓட்டோ, வைத்தியசாலை வாசல், கட்டில், தலையில் வயர், தலை கழுவுதல், வீடு. உங்கள் ஓட்டோ வடிவாக இல்லையென்றால் அவனே திருத்தட்டும். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் முழுக வார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். நித்திரையில் பதிய வேண்டுமென்றால் முதல் நாள் இரவு பிந்திப் படுக்கவைக்கச் சொல்வார்கள்.

வலிப்பு என்று உறுதியானால் மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வல்ப்ரோவேட் என்ற மருந்தால் சிலருக்கு விரல் நடுங்கும். அப்படி நடந்தால் அவன் கோட்டில் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்தால் அல்லது மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். நீங்களாக மட்டும் நிறுத்தக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு பெரிதாக வரலாம். இன்னொரு வீட்டில் மிஞ்சிய வலிப்புக் குளிசையையும் தொடாதீர்கள். 'எல்லாம் வலிப்புக் குளிசைதானே' என்று கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கார்பமசெபீன் வேறு வகை வலிப்புக்கு அருமையான மருந்து, ஆனால் இந்த வெறித்துப் பார்க்கும் வகையைக் கூட்டிவிடும்.

மற்றக் கேள்விகளைச் சுருக்கமாக முடிக்கிறேன். தடுப்பூசிக் கதை 1998 இல் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையில் இருந்து வந்தது. 2010 இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், எழுதிய வைத்தியரின் பதிவும் பறிபோனது. பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு 2019 இல் வந்தது, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை. பால்மாவும் ரி.வி.யும் காரணம் இல்லை. சொந்தத்தில் கட்டியதைப் பற்றி இன்னொரு பிள்ளை வேண்டுமென்று நினைக்கும்போது பேசலாம். கையில் கட்டிய நூல் ஏதும் இருந்தால் இருக்கட்டும்.

சொட்டு மருந்து மட்டும் இருக்கக் கூடாது. ஈயம் இருப்பதாகச் சந்தேகம் என்றால் இரத்தத்தில் பார்க்கலாம், கூடுதலாக இருந்தால் வைத்தியசாலையில் சிகிச்சை உண்டு. உலோகத்தை எடுக்கிறோம் என்று ஆட்டிசத்துக்கு மருந்து ஏற்றியதில், 2005 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். இரத்தத்தில் கல்சியம் இறங்கி இதயம் நின்றுவிட்டது. மச்சாள் அன்பில்தான் அனுப்பியிருப்பா. வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்பில் குறை என்ற பேச்சை இனி எடுக்காதீர்கள். 1943 இல் லியோ கானர் இந்த நிலையை விவரித்த பிறகு, பல வருடம் மருத்துவ உலகமே தாயின் குளிர்ந்த மனம்தான் காரணம் என்று பழி போட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தகப்பனான பேர்னாட் ரிம்லன்ட் என்ற உளவியலாளர் 1964 இல் அதை எதிர்த்து, இது மூளை உருவாகும் விதத்தில் வருவது என்று எழுதினார். அந்தப் பழி போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. நீங்கள் அதை உங்கள் தலையில் தூக்கி வைக்கத் தேவையில்லை. இந்தப் படங்களை எறியாமல் சேர்த்து வைத்தது நீங்கள்தான். அதனால்தான் அந்த வழுக்கிய கோடு என் கண்ணில் பட்டது.

'என்னை மறந்து' என்று எழுதியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மருந்தை நேரம் தவறாமல் கொடுக்கவும், இரவில் எழும்பிப் பார்க்கவும் நித்திரை கொண்ட தாய் வேண்டும். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அவனைப் பார்க்க யாருக்குத் தெரியும்? கிழமையில் ஒரு பின்னேரம் தகப்பனிடமோ, தமக்கையிடமோ, அம்மாவிடமோ அவனை விட்டுவிட்டு வெளியே போங்கள். முதலில் கத்துவான். அவர்களும் பிழை விடுவார்கள், பழகட்டும். ஈ.ஈ.ஜி.க்கு முதல் நாள் இரவு விழித்திருக்கும் வேலையையும் அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் கிணறு பற்றி எழுதவில்லை, ஆனால் எங்கள் ஊரில் கிணறு இல்லாத வளவு குறைவு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் ஆசை. கிணற்றுக் கட்டில் சாய்ந்து எட்டிப் பார்க்கும்போது பத்து விநாடி நினைவு போனால் போதும். வெல்டிங் கடையில் சொல்லி இரும்பு வலை மூடி செய்து பூட்டுப் போடுங்கள். முடிவு தெரியும்வரை கீரிமலைக் கேணியும் காரைநகர்க் கடலும் வேண்டாம். வாளித் தண்ணீரில், நீங்கள் பக்கத்தில் நிற்கக் குளிக்கட்டும். அடுப்படியில் தனியே விடாதீர்கள். என்றைக்காவது உடம்பு முழுக்க உதறத் தொடங்கினால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். வாய்க்குள் கரண்டி, விரல் எதுவும் வைக்க வேண்டாம், கையில் இரும்பைத் திணிக்க வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.