பெட்டி ஒட்டிய இரவுகள்

அன்புள்ள ஐயா,

தீபாவளி விடுமுறையில் பிள்ளைகளிடம் என் சிறுவயதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எண்பதுகளின் தொடக்கம். ஒரே அறை, ஒரே குண்டு பல்பு. அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி ஐந்து பேரும் பசைக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவோம். சாயங்காலம் இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா பேச ஆரம்பித்தால் கை தானாக ஓடும். வானொலி நின்ற பிறகு அம்மா கதை சொல்வாள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதால் எங்களில் அவளுக்குத்தான் வேகம் அதிகம். கையில் காசு கிடையாது. ஆனால் ஒரு குறையும் தெரியவில்லை.

இன்று ஓசூரில் மூன்று அறை வீடு. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கைபேசி. சாப்பிடக் கூப்பிடுவதற்கே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப வேண்டியிருக்கிறது. நான் பழையதைப் பேசினால், “வறுமையைப் போய்ப் பாட்டாகப் பாடாதீர்கள்” என்கிறாள் மனைவி. நான் மிகைப்படுத்துகிறேனா? பிள்ளைகளை ஒருமுறை ஊருக்கு அழைத்துப்போய் அதையெல்லாம் காட்டலாம் என்றும் யோசனை.

மு., ஓசூர்

அன்புள்ள மு.,

மிகைப்படுத்தவில்லை. அந்த அறையில் நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள். அதை உங்கள் மனைவியோ நானோ இல்லையென்று சொல்ல முடியாது.

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். எங்கள் வீட்டில் பெட்டி ஒட்டுவதில்லை. அப்பாவுக்கு மாதச் சம்பளம் வந்தது. எதிர்வீட்டில் ஒட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டு அங்கே ஓடிவிடுவேன். மெல்லிய மரச்சீவலைச் சின்ன அச்சுக்கட்டையின் மேல் மடித்து, பசை தடவிய நீலத்தாளைச் சுற்றி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி உருவிப் போட வேண்டும். எனக்குச் சீவல் மூலையில் விண்டுபோகும், தாள் கோணிக்கொள்ளும். எதிர்வீட்டு அக்கா நான் ஒட்டியதைப் பேசாமல் எடுத்துப் பிரித்து மறுபடி ஒட்டிப் போடுவார். பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்திருப்பார்கள், வாயில் விரலை வைக்காதே என்று அதட்டுவதும் அவர்தான். குரோஸ் கணக்கில் கூலி. குரோஸ் என்றால் 144 பெட்டி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நூறுவரை எண்ணப் படிப்பதற்கு முன்பே 144 என்ற எண்ணைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

எனக்கு அது அருமையான விளையாட்டு. அதற்கு ஒரு காரணம் உண்டு: விரல் வலித்தால் எழுந்து எதிரே இருந்த எங்கள் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த அக்கா எழுந்து எங்கே போவார்?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, “அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதால்” என்பது. வேகத்துக்குக் காரணம் சொல்வதுபோல, போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் படித்தீர்கள், ஓசூரில் வேலைக்குப் போனீர்கள். தம்பியும் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் பணம் எந்தப் பெட்டியிலிருந்து வந்திருக்கும்? 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. 1984-ல் அதைப் பதினைந்து வயதுவரை நீட்டினார்கள். பள்ளியில் தட்டோடு வரிசையில் உட்கார்ந்த உங்களுக்கு மதியச் சோறு உறுதி. பள்ளியை விட்ட பெண்ணுக்கு அந்த ஒரு வேளையும் வீட்டுப் பானையிலிருந்துதான். ஒரே வீடு, ஒரே பல்பு, ஆனால் அதற்குள் ஒரு சிறுவயது மட்டும் இருந்ததாக நான் நம்பவில்லை.

கொஞ்சம் ஊர்க்கதை சொல்கிறேன், பிள்ளைகளிடம் சொல்ல உதவும். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது 1920-களில். மழை குறைந்த கரிசல் பூமி. வெள்ளாமை பொய்த்தால் வேறு வழியில்லாத மக்கள். காயவைக்க வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. விடிவதற்கு முன்பே கிராமத்துக்கு வண்டி வந்து பிள்ளைகளை, பெரும்பாலும் பெண்பிள்ளைகளை, தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, ஏற்றிக்கொண்டு போகும். தூக்கத்தோடு ஏறுவார்கள், இருட்டியபின் இறங்குவார்கள். அதோடு பார்த்தால் வீட்டில் உட்கார்ந்து ஒட்டுவது மேல் என்றுதான் தாய்மார்கள் நினைத்தார்கள். அவர்கள் கணக்கு தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலி நேராக அம்மாவின் கைக்கு வந்தது, அது சின்ன விஷயம் அல்ல.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தொழிலில் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வைத்து வேலை வாங்கக்கூடாது என்றது. குடும்பத்தாரின் துணையோடு நடத்தும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-ல். உங்கள் அக்கா அதற்குள் பெரியவராகியிருப்பார்.

இதையெல்லாம் சொல்வது உங்கள் இனிப்பில் உப்பைக் கொட்ட அல்ல. நீங்கள் எதற்கு ஏங்குகிறீர்கள் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். காசில்லாததற்கு ஏங்கவில்லை. குண்டு பல்புக்கும் ஏங்கவில்லை. ஐந்து பேர் ஓரிடத்தில், கைக்கு வேலை, காதுக்கு ஓய்வு. அப்போதுதான் பேச்சு வரும், கதை வரும். எதிரெதிரே உட்காரவைத்து “பேசுங்கள்” என்றால் எந்தப் பிள்ளையும் பேசாது. நானே பேசமாட்டேன். மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டு ஆயச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் வகுப்பில் யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் வெளியே வரும். சின்ன வெங்காயம் உரிப்பதும் நல்ல வேலைதான், கண்ணீர் வந்தாலும் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

அந்தக் கீரையையும் வெங்காயத்தையும் இப்போது உங்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள்? நீங்கள் எழுதவில்லை. மனைவி தனியாக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருக்க, நீங்கள் கூடத்தில் பிள்ளைகளிடம் அந்தக் கால ஒற்றுமையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றால் அவர் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. முதலில் நீங்கள் போய் உட்காருங்கள். கைபேசியைப் பிடுங்கிவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கையில் பிசுக்கு ஒட்டினால் அது தானாகக் கீழே போகும்.

ஊருக்குப் போவது பற்றி. தாராளமாகப் போங்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற காட்சி அங்கே இருக்காது. மரச்சீவல் போய் அட்டை வந்துவிட்டது, பெரும்பகுதி வேலையை இயந்திரம் செய்கிறது. ஒரு ரூபாய்த் தீப்பெட்டியை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாக்கினார்கள், அதுவும் பதினான்கு வருடம் கழித்து. பிளாஸ்டிக் லைட்டரோடு மல்லுக்கு நின்று தொழில் மூச்சுவாங்குகிறது. உங்கள் பிள்ளைகளுக்குத் தீக்குச்சி உரசத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். வழியில் கோவில்பட்டிக்கும் போக முடிந்தால் கடலைமிட்டாய் வாங்கிக்கொடுங்கள், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், அதில் பெரிய மாற்றமில்லை.

தீப்பெட்டி ஆபீசைக் காட்டுவதைவிட அக்கா வீட்டுக்கு அழைத்துப் போங்கள். “அத்தை, அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று பிள்ளைகளே கேட்கட்டும். அவர் நீங்கள் சொன்னதையே சொல்லலாம். அம்மா சொன்ன கதைகளைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். எட்டாம் வகுப்பு டீச்சரைப் பற்றிப் பேசலாம், அழலாம். எதுவானாலும் நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். நீங்கள் நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறீர்கள், அவர் முறை இப்போதுதான் வருகிறது.

அக்கா இன்னும் வேலைக்குப் போகிறாரா என்று எழுதவில்லை. போகிறார் என்றால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். மற்ற நாளில் போய் இறங்கினால் உங்களுக்குக் கறிச்சோறு ஆக்குவதற்காக அவர் ஒரு நாள் கூலியை விடுவார், உங்களிடம் சொல்லவும் மாட்டார்.