பதில்: பிவிசி ஃபோம் கோர், வேகமாக அடித்தால் உறுதி, சூட்டில் ஏன் நசுங்குகிறது?

பேனலின் இரு தகடுகளுக்கு நடுவே வைக்கும் பிவிசி ஃபோமை (அதுதான் கோர்) மெதுவாக அழுத்தியபோது வந்த வலிமையைவிட எடையைப் போட்டு அடித்தபோது அதிகம் வந்தது, அதே ஃபோம் 70 டிகிரியில் சீக்கிரம் நசுங்கியது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கருவியில் கோளாறு இல்லை, இரண்டு முடிவுகளும் சரிதான்.

ஃபோமின் வலிமை அதன் உள்ளே இருக்கும் குட்டிக் குமிழி அறைகளின் மெல்லிய சுவர்களில் இருக்கிறது. அந்தச் சுவர்கள் வளைந்து மடியும்போதுதான் அழுத்தத்தையும் நசுங்கலையும் காட்டும் வரைபடத்தில் நீண்ட சமதளம் வரும். வேகமாக அடித்தால் பாலிமர் சங்கிலிகள் நகர நேரம் கிடைப்பதில்லை, அதனால் சுவர் விறைப்பாக நிற்கிறது. வெப்பம் இதற்கு நேர் எதிர்: சங்கிலிகள் எளிதாக நகரும். பிவிசி ஃபோம் 80 டிகிரியை நெருங்கும்போது நன்றாகவே இளகிவிடும், வேகம் தந்த கூடுதல் வலிமை அங்கே ஈடுகொடுக்காது.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். ஃபோம் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். சூடேற்றும் அடுப்பு (oven) 70 டிகிரி காட்டினாலும் துண்டின் நடுப்பகுதி அதைவிடக் குளிர்ந்திருக்கலாம். அதே தடிமனில் இன்னொரு துண்டின் நடுவில் தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகி, அது 70 தொட்டபின் சோதியுங்கள். அப்புறம் அடுப்பிலிருந்து எடுத்ததும் தாமதிக்காமல் அடியுங்கள்.

பேனல் உண்மையிலேயே அந்தச் சூட்டில் வேலை செய்ய வேண்டுமென்றால் அதிகச் சூடு தாங்கும் பிஎம்ஐ (பாலிமெத்தாக்ரிலிமைடு) ஃபோமுக்கு மாறுங்கள். விலை கூடும், ஆனால் இந்தக் கவலை போய்விடும்.