வாகனக் கேள்வி-பதில்: துரு ஏறிய பிரேக் பைப்புக்கு ஒட்டுப் போடலாமா?

கேள்வி: என் தந்தை 1999-இல் வாங்கிய மாருதி 800 காரை இன்றும் நான் ஓட்டி வருகிறேன். வீடு கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு நாள் காலை பிரேக்கை மிதித்தபோது மிதி வழக்கத்தைவிட மிகவும் கீழே இறங்கியது. வண்டி நின்றுவிட்டது என்றாலும், பின்பக்க இடது சக்கரத்தின் அருகே தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதாகக் கூறிய மெக்கானிக், கெட்டுப்போன ஒரு சாண் நீளத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் வேலைக்குப் பயன்படும் செப்புக் குழாயை வைத்து இணைத்துத் தருவதாகச் சொல்கிறார். செலவும் குறைவு. செய்யலாமா?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: செய்ய வேண்டாம். பைப் மாற்றும் வரை வண்டியை எடுக்கவும் வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது வேறொரு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். பிரேக் பழுதான காரைக் கயிறு கட்டி இழுத்துச் செல்வது, இழுக்கும் வண்டிக்கும் சேர்த்து ஆபத்தைத் தேடுவதாகும். அன்று காலை உங்கள் கார் நின்றதற்குக் காரணம், அதன் மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் பலத்தை எண்ணெய் அழுத்தமாக மாற்றிப் பைப்புகளுக்கு அனுப்பும் உருளை) இரண்டு தனித்தனி அறைகள் கொண்டது என்பதே. ஒரு வழியில் எண்ணெய் கசிந்து போனாலும் மற்றொரு வழியில் அழுத்தம் இருக்கும். ஆனால் மிதி வெகுவாகக் கீழிறங்கும், வண்டி நிற்பதற்கு அதிக தூரமும் பிடிக்கும்.

அந்த ஒரு சாணை வெட்டி எடுத்தால் மீதிப் பைப் நல்லது என்று ஆகிவிடாது. அதுவும் கால் நூற்றாண்டாக அதே உப்புக் காற்றிலும் சேற்றிலும் கிடந்ததுதான். பிரேக் பைப் என்பது மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, சுற்றுகளுக்கு இடையே செம்பை உருக்கி ஒட்டிச் செய்வது. அதன் வெளிவிட்டம் பொதுவாக 4.75 மில்லிமீட்டர், சுவரின் கனம் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது, டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல முப்பது, நாற்பது மடங்கு அழுத்தத்தை அந்த மெல்லிய சுவர் தாங்க வேண்டும். துரு அதில் பாதியைத் தின்றுவிட்ட பிறகும் சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. குறுக்கே யாராவது ஓடிவந்து நீங்கள் முழு பலத்தோடு மிதிக்கும் நேரத்தில்தான் அது வெடிக்கும்.

ஃப்ரிட்ஜ் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூய செம்பு துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் வண்டியின் ஓயாத அதிர்வில் அது நாளடைவில் இறுகி விறைத்து, விரிசல் விடும். அதைவிட முக்கியமானது குழாயின் வாய். குளிர்சாதன வேலையில் குழாயின் முனையை ஒரே தடவை விரித்து நட்டால் இறுக்குவார்கள்; உங்கள் காரின் பிரேக் பைப்பிலோ முனையை விரித்து, மறுபடி உள்ளே மடித்து, இரட்டைச் சுவராக்கி இறுக்க வேண்டும். ஒற்றை மடிப்பு பிரேக் அழுத்தத்தில் கீறல் விட்டுப் பிளக்கும். பித்தளை வளையம் வைத்து இறுக்கும் குழாய் இணைப்புகளும் இந்த இடத்துக்கு உதவா.

ஆகவே ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை, நடுவில் ஒட்டில்லாமல், முழுப் பைப்பையும் மாற்றச் சொல்லுங்கள். வலப்பக்கத்துப் பைப்பையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது; இடப்பக்கம் போன பிறகு அது எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. வளைத்துத் தயாரான கம்பெனி பைப் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பிரேக்குக்கென்றே விற்கும் பூச்சுள்ள எஃகுப் பைப்பையோ, செம்பும் நிக்கலும் கலந்த பைப்பையோ வாங்கி, பழையதை அச்சாக வைத்து வளைத்துக்கொள்ளலாம். கடலோரத்துக்கு என் தேர்வு பின்னதே. வால்வோ நிறுவனம் 1976 முதலே தன் கார்களில் பயன்படுத்திய உலோகக் கலவை அது; எளிதில் வளையும், உப்புக்கும் அஞ்சாது. பழைய பைப்பைக் கழற்றியவுடன் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாமல் வேலை முடியும் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கழற்றும்போது பெரும்பாலும் தகராறு செய்வது சக்கரத்தின் உட்புறம் இருக்கும் நட்டுதான். துரு ஏறிய நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் அதன் முனைகள் மழுங்கிவிடும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பைப் நுழையப் பிளவு விட்ட ரிங் ஸ்பேனரால் திருக வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால், எப்படியும் தூக்கி எறியப்போகும் பைப்பை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, பாக்ஸ் ஸ்பேனரை முழுதாக மாட்டித் திருகலாம். பிரேக் எண்ணெய் தீப்பற்றக்கூடியது என்பதால் தீ வைத்துச் சூடேற்றும் பழக்கம் கூடாது. புதிய பைப்பின் வாயை மடிப்பதற்கு முன் நட்டை அதில் கோத்துவிட்டோமா என்று பார்ப்பது நல்லது. அழகாக மடித்து முடித்தபின் நட்டு மேசையில் கிடப்பதைப் பார்த்து நானே தலையில் அடித்துக்கொண்டதுண்டு.

கிளிப்புகள் அனைத்தையும் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ஆடும் பைப் உடைந்துபோகும், உடலில் உரசும் பைப் தேய்ந்துபோகும். சக்கரத்தோடு சேர்ந்து அசையும் ரப்பர் ஹோஸ்களும் அதே வயதுடையவை என்றால், அவற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் பழைய காரின் பிரேக் பைப்புகளில் துரு தெரிகிறது, கசிவு இல்லை. அடிப்பாகம் முழுவதும் கறுப்புக் கோட்டிங் அடித்தால் போதுமா?
(நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: துருவின் மேல் அடிக்கும் கோட்டிங், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதோடு, அடுத்த முறை பார்ப்பவரின் கண்ணையும் மறைத்துவிடும். முதலில் கிளிப்புகளைக் கழற்றி, அவற்றின் அடியில் பாருங்கள். சேறும் உப்பும் தங்குவது அங்கேதான். துணியால் துடைத்தால் போய்விடும் மேற்துரு கவலைக்குரியதன்று. ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லச் சுரண்டும்போது செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால், கசிவு இல்லாவிட்டாலும் அந்தப் பைப்பை மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: புதிய பைப் போட்ட பிறகு பிரேக் மிதி பஞ்சு போல் அமுங்குகிறது. இரண்டு, மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால்தான் கெட்டிப்படுகிறது. ஏன்?
(இராமநாதபுரம் வாசகர்)

பதில்: பைப்புக்குள் காற்று இருக்கிறது. எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். உங்கள் மிதியின் பலம் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிறது. மறுபடி காற்று எடுக்கச் சொல்லுங்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில், அதாவது நம் ஊர்க் கார்களில் பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்குவார்கள். உங்கள் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. ஒருவர் மிதியை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தின் உட்புறம் உள்ள நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் திருகை, திறந்து மூடிய பிறகே மிதியை விட வேண்டும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை பாட்டிலில் உள்ள எண்ணெயில் மூழ்கியிருந்தால் குமிழிகள் வருவது கண்ணுக்குத் தெரியும். இடையிடையே மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள டப்பாவில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது காலியானால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஊற்றும் எண்ணெய், மூடியில் குறித்துள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகையில், அன்று உடைத்த டப்பாவிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். திறந்து வைத்த பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் பைப்பை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும்.